சட்டத்தரணியின் குருகுலம்



சப்பிரகமுவ மாகாணத்தில், சிங்கராசக் காட்டின் அருகே, தேயிலையும் இறப்பரும் செழித்த கலவான என்னும் ஊரிலிருந்து வந்து உங்களோடு பேசுகின்றேன். பாடசாலை அதிபராக இருப்பவனிடம் பெற்றோர் பல வினாக்களைக் கேட்பர். அவற்றுள் ஒன்று அண்மைக் காலத்தில் அடிக்கடி என் செவியில் விழுகின்றது. “ஐயா, என் பிள்ளை சட்டப் பரீட்சையில் தேறிவிட்டது. ஆனால் இன்னும் கோட்டில் ஏறிப் பேச முடியாதாமே! படித்து முடித்த பிறகும் ஏன் இந்தக் காத்திருப்பு?” என்பதே அவ்வினா.

இவ்வினா நியாயமானது. மூன்று நான்கு ஆண்டுகள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தோட்டத் தொழிலாளி ஒருவருக்குப் பரீட்சையின் முடிவே படிப்பின் முடிவாகத் தோன்றுதல் இயல்பு. ஆயினும் சட்டத்தொழிலில் பரீட்சைக்கும் தொழிலுக்கும் நடுவே மற்றொரு படி உண்டு. அனுபவம் மிக்க ஒருவரின் கீழ் இருந்து, கண்டும் கேட்டும் செய்தும் பழகும் பயிற்சிக்காலமே அது. அப்படி ஏன் ஏற்பட்டது, அதில் கற்பது யாது, எம்மவர் பிள்ளைகள் அதில் ஏறுவதற்கு எது தடையாக நிற்கின்றது என்பனவற்றையே இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் சில பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எங்கள் பாட்டன்மார் ‘அப்புக்காத்து’ என்றும் ‘பிறக்கிராசி’ என்றும் இருவகைச் சட்ட அறிஞரைக் குறிப்பிடுவர். அப்புக்காத்து என்பது ஒல்லாந்தர் மொழியிலிருந்து நம் நாவில் வந்து தங்கிய சொல். அவர் நீதிமன்றத்தில் எழுந்து வாதிடுவார். பிறக்கிராசியோ கட்சிக்காரரை நேரிற் கண்டு, பத்திரங்களை ஆயத்தம் செய்து, வழக்கை நடத்திச் செல்வார். இங்கிலாந்தில் பாரிஸ்டர் என்றும் சொலிசிற்றர் என்றும் உள்ள பிரிவை ஒத்தது இது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரு வகுப்பையும் ஒன்றாக்கிற்று. 1974ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி தொடக்கம் இந்நாட்டில் இருவரும் ‘சட்டத்தரணி’ என்னும் ஒரே பெயரைப் பெற்றனர். ஆகவே இன்று இலங்கையில் பயிற்சி பெறும் இளைஞர், முன்னாளில் இருவர் செய்த தொழிலையும் ஒருங்கே பழகவேண்டியவராகின்றார்.

இனி, இப்பயிற்சி முறையின் பழைய வீட்டைச் சற்றே எட்டிப் பார்ப்போம். இலண்டன் மாநகரில் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என நான்கு சட்டச் சங்கங்கள் இருக்கின்றன. பாரிஸ்டர் ஆக விரும்புவோர் இவற்றுள் ஒன்றில் உறுப்பினராதல் வேண்டும். நம் நாட்டவரான சேர் முத்துக்குமாரசுவாமி 1863ஆம் ஆண்டில் லிங்கன்ஸ் இன் சங்கத்தில் பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். கிறித்தவரும் யூதரும் அல்லாத ஒருவருக்கு அக்கதவு திறந்தது அதுவே முதல் தடவை. ஒரு சைவத் தமிழர் தட்டித் திறந்த கதவு அது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

அந்நாளில் அச்சங்கங்களில் ஒரு விந்தையான விதி இருந்தது. பன்னிரண்டு தவணைகள் சங்க மண்டபத்துக்குச் சென்று, மூத்தோரோடு ஒரே கூரையின் கீழ் அமர்ந்து விருந்துண்ணல் வேண்டும். பரீட்சையிலும் தேறல் வேண்டும். மூத்தோரின் பேச்சையும் பழக்கத்தையும் இளையோர் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்பதே அவ்விருந்தின் முதற் கருத்து. காலப்போக்கில் கருத்துப் போய், விருந்து மட்டும் எஞ்சியது. உண்ணுவதால் ஒருவர் வழக்கறிஞராகிவிட முடியுமா? முடியாது என்பதற்கு உலகறிந்த ஒருவரின் வாழ்வே சான்று.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1888ஆம் ஆண்டில் இலண்டன் சென்று இன்னர் டெம்பிளிற் சேர்ந்தார். தவணைகளை முடித்தார், ரோமன் சட்டத்தையும் ஆங்கிலப் பொதுச் சட்டத்தையும் நூலிலே கற்றுத் தேறினார். 1891ஆம் ஆண்டு யூன் 10ஆந் தேதி பாரிஸ்டராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். மறுநாள் உயர் மன்றத்திற் பெயர் பதிந்தார். அதற்கு மறுநாள் கப்பலேறினார். மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அறையிலிருந்து பழகுவதற்கு இடையில் ஒருநாளும் இருந்ததில்லை. விளைவு யாது? மும்பையில் சிறு வழக்கு மன்றமொன்றிலே அவருக்கு முதல் வழக்குக் கிடைத்தது. பிரதிவாதிக்காக நின்ற அவர், வாதியின் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, நா எழவில்லை, கேட்க ஒரு வினாவும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, வேறொருவரை அமர்த்திக்கொள்ளச் சொன்னார். பிற்காலத்தில் ஒரு பேரரசின் முன் நிமிர்ந்து நின்ற மனிதர், அன்று ஒரு சிறு மன்றத்தில் நிற்கமாட்டாது தவித்தார். இந்நிகழ்ச்சியை அவரே ஒளிவுமறைவின்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கின்றார்.

அவருக்குத் தொழிலைக் கற்பித்தது தென்னாபிரிக்கா. 1893ஆம் ஆண்டில் தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குக்காக அங்கே சென்றார். அவ்வழக்கு முழுவதும் கணக்கு. கணக்கெழுதும் முறையை நூல் வாங்கிக் கற்றார். இரு பக்கத்துப் பத்திரங்களையும் வரிவரியாகப் படித்தார். பெரிய வழக்கறிஞர்கள் வழக்கை எவ்வாறு கட்டுகின்றனர் என்பதைப் பக்கத்திலிருந்து கண்டார். வழக்கின் விவரத்தைக் கரைத்துக் குடித்தவனுக்குச் சட்டம் தானே துணைக்கு வரும் என்பதை அங்கேதான் உணர்ந்தார். இறுதியில் அவ்வழக்கை மத்தியத்தத்தின் மூலம் சமாதானமாகவே முடித்துவைத்தார். அவர் அங்குப் பெற்றது யாது? இளம் வழக்கறிஞர் மூத்தவரின் அறையிற் பெறவேண்டிய பயிற்சியையே, அவர் கடல் கடந்து, வேறொரு கண்டத்திற் பெற்றார்.

இங்கிலாந்தில் இன்று அப்பயிற்சி கட்டாயமானது. அதன் காலம் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம். முதல் ஆறு மாதமும் பயிலுநர் தம் ஆசிரியரின் நிழல்போற் செல்வார், பத்திரங்களைப் படிப்பார், வரைவுகளை எழுதித் திருத்தம் பெறுவார், மன்றத்தில் வாய் திறவார். இரண்டாவது ஆறு மாதத்திலேதான், மேற்பார்வையோடு, தாமே சிறு வழக்குகளில் எழுந்து பேச இடமுண்டு. முதலிற் கேள்வி, பின்னரே பேச்சு. ‘கற்றிலனாயினுங் கேட்க’ என்ற நம் மரபுக்கு அது மிகவும் நெருங்கியது.

நம் நாட்டிலும் இம்மரபு பழையது. 1874ஆம் ஆண்டில் சட்டக் கல்விக்கென ஒரு மன்று அமைந்து, அதன் வழியாகச் சட்டக் கல்லூரி உருவாகுமுன்னர், மூத்த சட்ட அறிஞரின் அலுவலகமே கல்லூரியாக இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், அரசியின் சட்ட அதிகாரியாக விளங்கிய சேர் றிச்சட் மோர்கன் என்பாரிடம் சட்டம் பயின்றே அப்புக்காத்தானார். நம் நாட்டுச் சட்ட மரபில் குருகுலவாசம் என்பது உவமை அன்று, மெய்யாகவே நடந்ததாகும்.

இன்று நிலைமை இவ்வாறு இருக்கின்றது. கொழும்புப் புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியில் நுழைவுப் பரீட்சை மூலம் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கற்போர் உளர். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ, திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டப் பட்டம் பெற்றுப் பின்னர் சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குத் தோற்றுவோரும் உளர். எவ்வழியில் வந்தாலும், அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாத காலம் தொழிற்பயிற்சி பெறல் வேண்டும். பயிலுநர் ஒழுங்காகப் பயின்றார் என அவ்வாசிரியர் சான்று தருதல் வேண்டும். அதன் பின்னரே உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியம் செய்து, சட்டத்தரணியாகப் பெயர் பதியலாம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், நன்மதிப்பும் தகுந்த அறிவும் ஆற்றலும் உடையோரையே உயர் நீதிமன்றம் ஏற்கலாம் என விதிக்கின்றது. அறிவைப் பரீட்சையால் அளக்கலாம். ஆற்றலையும் நன்மதிப்பையும் அளப்பது எங்ஙனம்? அருகிலிருந்து கண்டவர் ஒருவர் சொன்னாலன்றித் தெரியாது. பயிற்சிக்காலத்தின் உட்பொருள் இதுவே.

அந்த ஆறு மாதத்தில் கற்பதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். பெரியவரின் கோப்புகளைச் சுமந்துகொண்டு பின்னாலே நடப்பதுதானே என்று நகைப்போரும் உண்டு. உண்மையில் கற்பதற்குள்ளவை பல. அவற்றுட் சிலவற்றை மட்டும் சொல்வேன்.

முதலாவது, கேட்கும் கலை. கட்சிக்காரர் தம் கதையைச் சட்டப் புத்தகத்தின் ஒழுங்கிற் சொல்லமாட்டார். வேலியைப் பற்றிப் பேசத் தொடங்கி, மைத்துனர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று, இருபது ஆண்டுக்கு முந்திய ஒரு சண்டையில் வந்து நிற்பார். அந்தப் பெருவெள்ளத்தில் வழக்குக்கு வேண்டிய நான்கு விவரங்கள் மிதந்து வரும். மூத்த சட்டத்தரணி இடைமறியாது கேட்டுக்கொண்டிருந்து, இறுதியில் இரண்டே வினாக்களை வினவி, அந்நான்கையும் எடுத்துக்கொள்வார். இதனை எந்த விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்?

இரண்டாவது, எழுதும் கலை. கோரிக்கைக் கடிதம், முறைப்பாடு, மறுமொழி, சத்தியக்கடதாசி என்பனவற்றின் இலக்கணத்தைக் கல்லூரியிற் கற்கலாம். ஆனால் ஒரு தேதி பிழைத்தால் என்ன நேரும், ஒரு பந்தி மிகுந்தால் எதிர்த்தரப்புக்கு எவ்வாறு வாய்ப்பாகும் என்பதைத் தாம் எழுதிய வரைவில் மூத்தவர் சிவப்பு மையாற் கோடிடும்போதுதான் உணர முடியும். காணி உறுதிகளை வாசிப்பதும் அவ்வாறே. எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாகப் பங்கிடப்படாத காணிகள் உண்டு. பங்கீட்டு வழக்கொன்றில் எவருக்கு எத்தனையில் எத்தனை பங்கு என்று வம்சாவளியை வரைந்து கணக்கிடும் வேலை, ஒரு கணித ஆசிரியரையே திணறச் செய்யும்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் நடைமுறை. வழக்கேட்டில் எது பதியப்படுகின்றது, பதிவாளரிடம் எதனைக் கேட்கலாம், தவணை கேட்பது எப்போது தகும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எந்த வினாவைக் கேட்காது விடுதல் அறிவுடைமை என்பன யாவும் மன்றத்தின் பின் ஆசனத்தில் நாள்தோறும் அமர்ந்திருந்து கற்பவை.

நான்காவது, ஒழுக்கம். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காத்தல், நீதிபதியிடம் பொய்யுரையாமை, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியோடு மன்றத்தில் மோதினும் வெளியே பண்போடு பழகுதல் ஆகியனவே இத்தொழிலின் உயிர். உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி விதிகள் வகுத்திருக்கின்றது. விதியை வாசித்தல் ஒன்று. வெல்லக்கூடிய வழக்கிலும் பொய்ச் சாட்சியை ஏற்க மறுத்து ஒரு பெரியவர் கட்சிக்காரரை வாசல்வரை அனுப்பிவைப்பதைக் கண்ணாற் காணுதல் மற்றொன்று. கண்டதுதான் நெஞ்சில் நிற்கும்.

நேயர்களே, இதுகாறும் சொன்னவை எல்லா ஊருக்கும் பொது. இனித் தோட்டப்புறத்துக்கே உரிய சிலவற்றைச் சொல்லவேண்டும்.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற ஒரு சொல் உண்டு. பிறருக்குப் பேர் என்றால் ஒருவரை அழைக்கும் பெயர். தோட்டத் தொழிலாளிக்கோ அது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும். ‘இன்றைக்குப் பேர் போட்டார்கள்’ என்றால் ஒரு நாட் கூலி பதிவாயிற்று என்பது பொருள். ‘அரைப்பேர்தான் கிடைத்தது’ என்றால் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காமையால் பாதிக் கூலியே விழுந்தது என்பது பொருள். ‘பேரை வெட்டிவிட்டார்கள்’ என்றாலோ, வேலையே போயிற்று. இச்சொற்களை அறியாத ஒருவர், மொழிபெயர்ப்பாளரின் வாயிலாக இவற்றைக் கேட்டு, அகராதிப் பொருளிலே எழுதிக்கொண்டால் வழக்கு எங்கே போய் நிற்கும்? பதவி நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளிக்கென 1957ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. அச்சபையின் கதவைத் தட்டும் முன், ‘பேர் வெட்டு’ என்பது என்ன என்று அறிந்த ஒருவர் தொழிலாளியின் பக்கத்தில் இருத்தல் வேண்டும் அல்லவா?

மனிதரின் பெயரிலேயே உள்ள சிக்கல் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். தோட்டத்துச் செக்ரோலில் வேறோர் எழுத்து. தேசிய அடையாள அட்டையில் மூன்றாவது ஒன்று. முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு தாய், 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தமக்குச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கும்போது, இம்மூவரும் ஒருவரே என நிறுவவேண்டியவராகின்றார். வழக்கறிஞருக்கு இது ஒரு சிறு வேலை. ஒரு சத்தியக்கடதாசியும் சில சான்றுகளும் போதும். அத்தாய்க்கோ அது வாழ்நாள் உழைப்பு. பயிற்சிக்காலத்தில் இப்படிப் பத்துப் பேருடைய பத்திரங்களைச் சீர்செய்து பழகிய இளைஞர், தம் வாழ்நாள் முழுவதும் பல நூறு பேருக்குத் துணையாவார்.

மொழியும் இவ்விடத்தில் வருகின்றது. நம் அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை, 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தோடு, சிங்களமும் தமிழும் இந்நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்கின்றது. சப்பிரகமுவ மாகாணத்து மன்றங்களின் பதிவு மொழி சிங்களமாயினும், வழக்காளி தமிழில் வழக்குத் தொடுக்கலாம், தமிழிற் பங்கேற்கலாம், மன்றத்தின் மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு அளித்தல் வேண்டும். உரிமை நூலில் எழுதியிருக்கின்றது. அதனை எழுந்து நின்று கேட்பதற்கு ஒரு வாய் வேண்டும். இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பழகும் பயிலுநர், சிங்களத்தில் வழக்கேட்டை வாசிக்கவும், தமிழில் கட்சிக்காரரின் நெஞ்சை அறியவும், ஆங்கிலத்தில் தீர்ப்புகளை ஆராயவும் கற்பாராயின் அவருக்கு இணை யார்?

சட்டத்தின் துணை ஒரு சமூகத்துக்கு எத்துணை வேண்டும் என்பதை எங்கள் மாகாணமே ஒருகாற் கண்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டப்புற மக்களிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அப்போது கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதியில் கோடகன்பிள்ளை என்பவர், வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரினார். இடாப்பை மீள ஆய்ந்த அலுவலர் அவருக்குச் சார்பாக முடிவுசெய்தார். 1951ஆம் ஆண்டில் கொழும்பு உயர் நீதிமன்றம் அம்முடிவை மாற்றிற்று. வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை சென்று, 1953ஆம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. வழக்குத் தோற்றது உண்மை. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஒப்பந்தங்களாலும் சட்டங்களாலும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும், அக்குறை தீர்ந்தது. ஒரு தனி மனிதரின் பெயர் இடாப்பில் இருக்கவேண்டுமா என்ற சிறு கேள்வியை ஒரு சமூகத்தின் கேள்வியாக்கி, கடல் கடந்தும் எடுத்துச்செல்லச் சட்டம் பயின்றோர் வேண்டியிருந்தனர். அப்படிப் பயின்றோர் நம் லயங்களிலிருந்தே எழவேண்டும் என்பது பேராசையா?

எழுகின்றார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் இப்பயிற்சிப் படியில் வந்து தயங்கி நிற்கின்றார்கள். ஏன்?

பயிற்சியின் செலவை யார் தாங்குவது என்பதே உண்மையான வினா. இங்கிலாந்தின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம். நெடுங்காலமாக அங்கே பயிலுநரே ஆசிரியருக்குக் கட்டணம் செலுத்தினார். ஓராண்டுக்கு நூறு கினி என்பது வழக்கம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அத்தொழிலிற் புக முடிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். அவ்வழக்கம் 1970களில் மறைந்தது. ஆயினும் பயிலுநருக்கு ஊதியம் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஒரு பயிலுநர், தமக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உரித்து என வழக்காடினார். சட்டத்தின் கருத்தில் நீர் தொழிலாளி அல்லர் என்று மேன்முறையீட்டு மன்றம் கூறிவிட்டது. வழக்கில் தோற்றாலும் கேள்வி தோற்கவில்லை. 2003ஆம் ஆண்டு தொடக்கம், ஆண்டுக்கு 10,000 பவுணுக்குக் குறையாத உதவித்தொகை இன்றிப் பயிலுநரை எடுத்தல் ஆகாது என அத்தொழிலாரே விதி செய்தனர். அத்தொகை பின்னரும் உயர்ந்துள்ளது. கொடுத்துக் கற்ற காலம் போய், பெற்றுக்கொண்டு கற்கும் காலம் வந்தது.

அக்கரைத் தமிழகத்தையும் பாருங்கள். 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் பணிப்பையடுத்து, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விடுத்தது. மூத்த வழக்கறிஞர்கள் தம்மிடம் பணிபுரியும் இளையோருக்குச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், ஏனைய இடங்களில் 15,000 ரூபாயும் குறையாது கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். எல்லா அறைகளிலும் அது நடைமுறைக்கு வருவதற்குக் காலம் எடுக்கலாம். ஆனால் இளையோரின் உழைப்புக்கும் பசிக்கும் கணக்கு உண்டு என்பது அங்கே எழுத்தில் ஏறிவிட்டது.

இங்கே நம் நிலை என்ன? எங்கள் பாடசாலையிற் கற்ற மாணவி ஒருத்தி சட்டப் பரீட்சைகளில் தேறினாள். தாய் கொழுந்து பறிப்பவர். தந்தை இறப்பர்ப் பால் வெட்டுபவர். பயிற்சிக்கு ஆசிரியர் ஒருவரைத் தேடவேண்டும். அவர்தம் உறவில், அறிமுகத்தில், சட்டத்தரணி என்று ஒருவருமில்லை. ஓர் அலுவலகத்தில், “யார் சொல்லி வந்தீர்?” என்று கேட்டனராம். சொல்லிவிட யார் இருக்கின்றார்? வேறோரிடத்தில் இடங்கிடைத்தது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்கும் கொழும்பில் தங்க அறை வாடகை, உணவு, பேருந்துக் கட்டணம், மன்றத்துக்குரிய வெள்ளை உடை, கறுப்பு மேலங்கி என்று செலவுகள் வரிசையாய் வந்தன. அவற்றைத் தாங்கத் தாயின் காதிலிருந்த தோடு அடகுக்குப் போயிற்று. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளைக்கு உதவித்தொகை வழங்கச் சங்கங்கள் உண்டு. மாலையிட்டு வழியனுப்ப மன்றங்கள் உண்டு. பட்டம் கிடைத்ததும் அவ்வுதவி நின்றுவிடுகின்றது. மலையேறி வந்தவரைக் கடைசி வளைவில் தனியே விட்டுவிடுகின்றோம். இம்மாணவி மனந்தளராது படியைக் கடந்தாள். கடக்கமாட்டாது வேறு தொழில் தேடிச் சென்றோரை எண்ணும்போதுதான் என் நெஞ்சு கனக்கின்றது.

ஆகவே சில யோசனைகளை உங்கள் முன் வைக்கின்றேன்.

தொழிலில் முதிர்ந்த சட்டத்தரணிகளுக்கு என் முதல் வேண்டுகோள். யார் அனுப்பினார் என்று கேளாது, என்ன தெரியும் என்று கேட்டு, ஆண்டுக்கு ஒரு தோட்டப்புறப் பிள்ளைக்கேனும் உங்கள் அறையில் இடம் கொடுங்கள். போக்குவரத்துச் செலவையாவது கொடுங்கள். கோப்பைச் சுமக்க மட்டுமன்றி, கட்சிக்காரரோடு நீங்கள் பேசும்போது உடனிருக்கவும் இடந்தாருங்கள். தமிழ் மட்டுமே அறிந்த கட்சிக்காரர் வரும்போது அப்பிள்ளை உங்களுக்கும் பெருந்துணையாதல் காண்பீர்கள்.

அடுத்தது, நம் ஊர்ச் சங்கங்களுக்கும் கோயிற் பரிபாலன சபைகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பழைய மாணவர்க்கும். புலமைப்பரிசிலைப் பட்டத்தோடு நிறுத்தாதீர்கள். ஆறே மாதத்துக்கு ஒரு பயிற்சிக்கால நிதி போதும். ஒரு தேர்த்திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு ஒரு பிள்ளையைச் சட்டத்தரணியாக்கும். அதனைக் கடனாகவே கொடுத்தாலும், தொழில் தொடங்கிய பின் அடுத்த பிள்ளைக்கு அதனைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு. புதுக்கடையிற் பயின்றாற்றான் மதிப்பு என்று எண்ணாதீர்கள். பெரிய மன்றங்களைக் காணும் வாய்ப்புக் கொழும்பில் உண்டு என்பது மெய். எனினும் இரத்தினபுரி, கேகாலை, அவிசாவளை போன்ற நகரங்களில் நல்ல சட்டத்தரணி ஒருவரிடம் பயின்றால், காணி வழக்கும் தொழில் வழக்கும் குற்ற வழக்கும் ஒரே கிழமையில் உங்கள் கண்முன் வரும். வீட்டிலிருந்தே சென்று வரவும் கூடும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் கண்ட வழக்கு, கேட்ட வினா, மூத்தவர் திருத்திய பிழை மூன்றையும் எழுதுங்கள். சிங்களத்தை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். தாயின் தமிழை, பிரட்டுக்களத்துத் தமிழை, மறந்துவிடாதீர்கள். உங்களை நம்பி வருவோர் அந்த மொழியிலேதான் அழுவார்கள்.

இறுதியாகப் பெற்றோர்க்கு. பரீட்சையில் தேறிய பின்னும் பிள்ளை உழைத்துச் சம்பாதிக்கவில்லையே என்று மனம் வாடாதீர்கள். நாற்றுமேடையில் நிற்கும் தேயிலைக் கன்றை, வேர் பிடிக்குமுன் மலையிற் கொண்டுபோய் நடுவோமா? நிழற்பந்தலின் கீழ் அது நிற்கும் மாதங்கள் வீண்போன மாதங்கள் அல்ல என்பதை உங்களைவிட நன்கறிந்தோர் யார்? பிள்ளையின் பயிற்சிக்காலமும் அத்தகையதே. அந்த நிழலுக்கு ஆகும் செலவைத் தாய் தந்தையர் மட்டும் தாங்காமல், ஊர் கூடித் தாங்குமாயின், நாளை அந்த நிழலில் ஊரே தங்கும்.